ஷட்டரா, பிளைண்ட்ஸா: தில்லி ஜன்னலுக்கு எது பொருந்தும்?

தில்லி துவாரகாவில் ஆறாவது மாடியில் வீடு வாங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அக்கா, எல்லா ஜன்னலுக்கும் மர ஷட்டர் போடலாம் என்கிறாள் என் மனைவி. பிளைண்ட்ஸ் போட்டால் பாதிக்குப் பாதி மிச்சம் என்கிறேன் நான். பத்து நாளாகப் பேசியும் முடிவாகவில்லை." அதற்குச் சில வாரம் முன்னால் மயூர் விஹாரிலிருந்து ஒரு மாமியும் இதையே கேட்டார். அவர் இருப்பது தரைத்தளம், ஜன்னலை ஒட்டியே நடைபாதை. கேள்வி ஒன்றுதான், ஆனால் இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றில்லை. ஏன் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஷட்டர் என்றதும் கடையை இழுத்து மூடும் இரும்பு ஷட்டர்தான் நம் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதை இல்லை. சட்டத்துக்குள் சாய்வாகப் பலகைகள் அடுக்கி, கதவு போலத் திறந்து மூடும் ஜன்னல் பல்லா, அதாவது ஜன்னல் கதவு. பலகைகளைத் திருப்பி வெளிச்சத்தையும் காற்றையும் கூட்டிக் குறைக்கலாம். இதற்கு வடக்கே ஜில்மில் என்று ஒரு பழைய பெயர் உண்டு. பழைய பங்களாக்களில் பச்சை பெயின்ட் அடித்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிளைண்ட்ஸ் என்றால் ஜன்னலுக்கு மேலே மாட்டி, இழுத்து இறக்குவது: துணிச் சுருளாக வரும் ரோலர், மெல்லிய பட்டைகள் கொண்ட வெனீஷியன், இரண்டு அடுக்குத் துணியுள்ள ஜீப்ரா, மடிப்பு மடிப்பாக ஏறும் ரோமன், இப்படிப் பல.

## எதையெல்லாம் பார்த்து முடிவு செய்வது?

கடைக்காரர் முதலில் நிறத்தைத்தான் காட்டுவார். நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது.

தில்லியில் இது மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, 85 டிகிரி உயரத்தில் நிற்கும். அதனால் தெற்கு ஜன்னலுக்கு ஒரு சாதாரண சன்ஷேட் இருந்தாலே வெயில் உள்ளே வராது. டிசம்பரில் அதே சூரியன் 38 டிகிரிக்கு மேல் ஏறாது. சன்ஷேட் குறுக்கே வராவிட்டால், ஏழடி உயரத்தில் மேல்விளிம்பு உள்ள தெற்கு ஜன்னல் வழியாக மதிய வெயில் ஒன்பது அடி தூரம் அறைக்குள் வந்து விழும். 5 டிகிரிக் குளிரில் எழுந்து, ரஜாயைத் தோளில் போர்த்திக்கொண்டு திரிகிற ஜனவரியில் அந்த வெயிலை விட மாட்டீர்கள். ஆக, தெற்கு ஜன்னலில் எது போட்டாலும் குளிர்காலத்தில் அது முழுசாக விலகி நிற்க வேண்டும்.

மேற்கு ஜன்னல் கதை வேறு. மே, ஜூனில் மூன்று மணியிலிருந்து ஏழு மணி வரை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். சூரியன் தாழ்வாக இருப்பதால் சன்ஷேடு உதவாது. ஜூனில் மாலை வெயில் வடமேற்காகச் சாய்வதால் வடக்கு ஜன்னல்கூடத் தப்பாது.

இரண்டாவது, ஜன்னல் எப்படித் திறக்கிறது. மூன்றாவது, கூலரா, ஏசியா. நான்காவது தூசி, அதோடு அதைத் துடைக்கப் போவது யார் என்பதும். அப்புறம் சொந்த வீடா வாடகை வீடா, வீட்டில் சின்னக் குழந்தை உண்டா. இவற்றை ஒரு தாளில் ஜன்னல் வாரியாக எழுதிக்கொண்டு மேலே படியுங்கள். வீட்டுக்கு ஒரு பதில் என்று தேடினால் மாட்டிக்கொள்வீர்கள், ஜன்னலுக்கு ஒரு பதில் என்று தேடினால் எளிது.

## பிளைண்ட்ஸ்

என் வீட்டில் நான்கு ஜன்னலில் இருப்பது ரோலர். அதன் பெரிய பலம், மேலே சுருட்டிவிட்டால் அது இருக்கும் இடமே தெரியாது. குளிர்கால வெயில் தடையில்லாமல் உள்ளே வரும். துடைப்பதும் சுலபம்: ஈரத்துணியால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. மே மாதத்தில் ஆந்தி என்னும் புழுதிப் புயல் அடித்து ஓய்ந்த பிறகு வீடு முழுக்கப் பொன்னிறப் புழுதி படியுமே, அந்த நாட்களில் இந்த ஒரு வசதிக்காகவே ரோலரை வாழ்த்தலாம்.

பிளாக்அவுட் துணி போட்டால் அறை கும்மிருட்டாகிவிடும் என்று நம்பிப் பலர் வாங்குகிறார்கள். ஜன்னல் குழிக்குள் மாட்டினால் அப்படி ஆகாது. சுருளைத் தாங்கும் பிராக்கெட்டுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் துணிக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி நிற்கும். அந்தக் கீற்று வழியாக மதிய வெளிச்சம் கத்தி போல உள்ளே இறங்கும். இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குகிறவர் வீட்டில் இருந்தால், குழிக்கு வெளியே சுவரில், ஜன்னலை விட அகலமாக மாட்டச் சொல்லுங்கள்.

இங்கேதான் ஜன்னல் எப்படித் திறக்கிறது என்ற கேள்வி வருகிறது. தில்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய பழைய வீடுகளில் பெரும்பாலும் கண்ணாடிப் பல்லா வெளிப்பக்கம் திறக்கும், நடுவில் கம்பி, கொசுவலை போட்ட ஜாலிப் பல்லா உட்பக்கம் திறக்கும். ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை டெங்கு பயம் உள்ள ஊரில் ஜாலியைக் கழற்றவும் முடியாது. எங்கள் வீட்டில் பிளைண்ட்ஸ் மாட்டிய கடைக்காரர் பல்லாவை மூடியபடியே அளவெடுத்துப் போனார். மாட்டி முடித்த மறுநாள் காலை கண்ணாடியைத் திறக்க ஜாலியை உள்ளே இழுத்தேன். அதன் மேல்முனை, மேலே சுருட்டி வைத்திருந்த ரோலர் துணியின் நடுவில் போய் இடித்து நின்றது. தினமும் இடித்து இடித்து மூன்றே மாதத்தில் துணியின் பூச்சு அந்த இடத்தில் வெடித்து உரிந்தது. பிராக்கெட்டை ஐந்து அங்குலம் மேலே ஏற்றியிருந்தால் தீர்ந்திருக்கும். மறுபடி துளை போட்டு, துணி மாற்றிய செலவு எங்கள் தலையில்தான் விழுந்தது.

வெனீஷியனில் வெளிச்சத்தைத் திருப்பலாம், படிக்கும் அறைக்கும் கணினி முன்னால் வேலை பார்க்கிறவர்களுக்கும் அருமையானது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: ஐந்தடி உயர ஜன்னலுக்கு ஒரு அங்குலப் பட்டைகள் எழுபதுக்கும் மேல் வரும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். அலுமினியப் பட்டை வளைந்தால் நிமிர்த்த முடியாது, அந்தக் கோடு கடைசி வரை அங்கேயே இருக்கும். கூலர் ஓடும் அறையில் வேண்டவே வேண்டாம். காற்று வெளியேறும் ஜன்னலில் அலுமினிய வெனீஷியன் போட்டு ஒரு கோடை முழுக்க இரவெல்லாம் கடகடவென்று சத்தம் கேட்டிருக்கிறோம். நீளப் பட்டைகள் செங்குத்தாகத் தொங்கும் வெர்டிகலும் அப்படித்தான், கீழே கோத்திருக்கும் சின்னச் சங்கிலிதான் முதலில் அறுந்து போகும்.

ஜீப்ரா இப்போது எல்லாக் கடையிலும் முன்னால் தொங்குகிறது. பார்க்க அழகு, அதை மறுக்கவில்லை. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவில் புழுதி புகுந்தால் எடுப்பது கஷ்டம் என்பதால் நான் சாலையோர ஜன்னலுக்குச் சொல்வதில்லை.

குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். பிளைண்ட்ஸின் கயிறும் மணிச்சங்கிலியும் வளையமாகத் தொங்குகின்றன. தவழும், ஏறும் வயதுக் குழந்தையின் கழுத்தில் அது மாட்டினால் ஒரு சத்தமும் கேட்காது. அமெரிக்காவில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த தரவிதி, கடையில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸில் குழந்தை கைக்கு எட்டும் கயிறே இருக்கக் கூடாது என்றது, அவ்வளவு தீவிரமான விஷயம் இது. ஸ்பிரிங் வைத்துக் கையால் இழுக்கும் வகையை வாங்குங்கள். சங்கிலி வகைதான் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அதை இறுக்கிப் பிடிக்கும் கொக்கியைச் சுவரில் அறைந்துவிடுங்கள். கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

## ஷட்டர்

ஷட்டரால் முடிந்து பிளைண்ட்ஸால் முடியாத ஒன்று உண்டு: மறைப்பும் காற்றும் ஒரே நேரத்தில் கிடைப்பது. பலகையின் வெளிவிளிம்பைத் தாழ்த்தி வைத்தால், நடைபாதையில் போகிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. எட்டிப் பார்த்தாலும் கூரைதான் தெரியும். மேலிருந்து வரும் வெயில் தடைபடும், காற்று மட்டும் வரும். வெனீஷியனும் இதைச் செய்யும் என்பார்கள். காற்று வேகமாக அடித்தால் அது ஆடும், ஷட்டர் ஆடாது.

கூலர் வைத்திருக்கும் வீட்டில் இதன் அருமை தெரியும். கூலர் வெளிக்காற்றை ஈரமாக்கி உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்று எதிர்ப்பக்கம் வெளியேறினால்தான் குளிர்ச்சி. வெளியேறாவிட்டால் அரை மணி நேரத்தில் அறை புழுங்கி, விரிப்பெல்லாம் பிசுபிசுக்கும். எதிர் ஜன்னலில் ரோலர் இருந்தால் அதை ஏற்றிவிட வேண்டும், அப்போது தெரு முழுக்க உங்கள் கூடத்தைப் பார்க்கும். அங்கே ஒரு ஷட்டர் இருந்தால் பலகையைப் பாதி திறந்துவைத்து நிம்மதியாகத் தூங்கலாம். மயூர் விஹார் மாமிக்கு இதைத்தான் சொன்னேன்: "மாமி, நடைபாதைப் பக்கம் இருக்கிற ரெண்டு ஜன்னலுக்கு மட்டும் ஷட்டர் போடுங்கோ, மீதிக்கு வேண்டாம்." ஏசி மட்டுமே ஓடும் வீட்டில் ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும். அங்கே இந்தப் பலமே வீண்.

பலகையின் அகலத்தைப் பார்த்து வாங்குங்கள். இரண்டரை, மூன்றரை, நாலரை அங்குலத்தில் வருகிறது. மூன்றரை அங்குலம் என்றால் ஐந்தடி ஜன்னலுக்கு, இரண்டு பல்லாவும் சேர்த்து, முப்பத்தைந்து பலகைக்குள் முடியும், துடைக்க வெனீஷியனில் பாதி வேலை. ஆனால் அகலப் பலகை சுழல ஆழம் வேண்டும். மூன்றரை அங்குலப் பலகை திறந்து நிற்கும்போது முன்னும் பின்னும் ஒன்றேமுக்கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியோ, ஜன்னல் கைப்பிடியோ அந்த இடத்தில் இருந்தால் பலகை முட்டும். ஜாலிப் பல்லா உள்ளே திறக்கும் ஜன்னலில் ஷட்டரைத் திறக்காமல் ஜாலியைத் திறக்கவே முடியாது. கண்ணாடியை மூட ஒவ்வொரு முறையும் மூன்று பல்லாவோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

மரத்தில் பாஸ்வுட் லேசானது, வளைவு குறைவு. தேக்கு உறுதியானது, ஆனால் கனமும் விலையும் அதிகம். மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மலிவு, ஆனால் கூலர் ஈரமும் ஆகஸ்ட் புழுக்கமும் சேர்ந்து விளிம்பில் பூச்சு விட்ட இடத்தில் ஊறிப் பொம்மிவிடும். சமையலறை, குளியலறை, கூலர் அறைக்கு பிவிசி போதும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் ஜன்னலுக்கு மலிவு பிவிசியை எடுக்காதீர்கள், சூட்டில் நீளமான பலகை நடுவில் தொய்யும். உள்ளூர் மிஸ்திரியிடம் செய்தால் செலவு குறையும், ஆனால் பலகை திரும்பும் வகையா, நிலையாகப் பதித்ததா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பதித்த வகையில் டிசம்பரிலும் அறை அரையிருட்டாகத்தான் இருக்கும்.

## பில்லில் வராத செலவு

சென்ற ஆண்டு நான் நாலைந்து கடையில் விசாரித்தேன். நல்ல பிளாக்அவுட் ரோலருக்குச் சதுர அடி 150 ரூபாய் அளவில் சொன்னார்கள், மர ஷட்டருக்கு 1,000 ரூபாய்க்குக் குறைந்து யாரும் சொல்லவில்லை. நான்கடிக்கு ஐந்தடி ஜன்னலை எடுத்துக்கொள்வோம், அதாவது 20 சதுர அடி. ரோலரைச் சுவரில் மாட்டினால் பக்கத்துக்கு நான்கு அங்குலமும் மேலும் கீழும் சேர்த்து எட்டு அங்குலமும் கூட்டுவார்கள். அப்போது பில் போடுவது 26 சதுர அடிக்கு, சுமார் 4,000 ரூபாய். ஷட்டர் 20,000. சின்ன ஜன்னலுக்கும் குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி என்று கணக்கு வைக்கும் கடைகள் உண்டு, குளியலறை ஜன்னலுக்கு அது உறைக்கும்.

ஷட்டருக்கு இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. பல்லாவின் கனத்தை எது தாங்கும்? மரச் சௌகட்டில், அதாவது ஜன்னலின் மர நிலைச்சட்டத்தில், திருகாணி நன்றாகப் பிடிக்கும். மெல்லிய அலுமினியச் சட்டமோ, பழைய இரும்புச் சட்டமோ தாங்காது. சுவரில் மரப்பட்டி அடித்து அதில் கீல் வைக்க வேண்டும், பிறகு பூச்சு வேலை, பெயின்ட். யுபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் சட்டத்தில் துளை போட்டால் ஜன்னல் கம்பெனியின் உத்தரவாதம் போகலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ரோலருக்கு வரும் ரிப்பேர் சின்னது: சங்கிலியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளட்ச் தேயும், மாற்றிக்கொள்ளலாம். மேற்கு ஜன்னலில் துணி சில வருடத்தில் வெளுக்கும், அதையும் மாற்ற வேண்டிவரும். நன்றாகச் செய்த மர ஷட்டர் அதற்குள் ஒரு முறை வார்னிஷ் கேட்கும், அவ்வளவுதான்.

பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறீர்கள் என்றால் ஷட்டர் பக்கமே போகாதீர்கள். ரோலரைக் கழற்றி எடுத்துப் போகலாம், அடுத்த வீட்டு ஜன்னல் சின்னதாக இருந்தால் அகலத்தை வெட்டிக்கூடத் தருவார்கள்.

| | ரோலர் | வெனீஷியன் | ஷட்டர் |
|---|---|---|---|
| மறைத்தபடி காற்று | இல்லை | உண்டு, ஆடும் | நன்றாக உண்டு |
| பகலில் இருட்டு | சுவரில் அகலமாக மாட்டினால் | சுமார் | ஓரளவு, கீற்று வரும் |
| குளிர்கால வெயில் | முழுசாக | ஏற்றினால் முழுசாக | பல்லாவைத் திறந்தால், இடம் இருந்தால் |
| தூசி துடைப்பு | ஐந்து நிமிடம் | அரை மணிக்கு மேல் | நடுத்தரம் |
| வீடு மாறினால் | கூடவே வரும் | வரலாம் | அங்கேயே நிற்கும் |

தீபாவளிக்குப் பிறகு வரும் புகைக்காக ஷட்டர் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஷட்டரும் பிளைண்ட்ஸும் காற்றை வடிகட்டாது. அந்தப் பணத்தில் ஜன்னல் விளிம்புக்கு ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

## மேற்கு ஜன்னலுக்கு முதலில் சிக்

துவாரகாத் தம்பியின் உண்மையான தொல்லை மேற்குப் படுக்கையறை. அங்கே ஷட்டரும் பிளைண்ட்ஸும் ஒரே மாதிரி தோற்கும். சாதாரண ஒற்றைக் கண்ணாடி, தன் மேல் படும் வெயில் சூட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். பிளைண்ட்ஸ் கண்ணாடிக்கு உள்பக்கம்தானே இருக்கிறது. வெயில் அதன் மேல் பட்டு அதைச் சூடாக்கும்; அந்தச் சூடு திரும்ப வெளியே போகாமல் அறைக்குள்ளேயே பரவும். வெளிப்பக்கம் வெள்ளைப் பூச்சுள்ள துணி கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மே மாதம் நான்கு மணிக்கு, மூடிய ரோலருக்கும் கண்ணாடிக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள், அடுப்படி போல இருக்கும்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினால்தான் அறை தப்பும். தில்லி அதற்கு ரொம்ப காலமாக வைத்திருக்கும் பதில் சிக்: மூங்கில் குச்சியிலோ சர்கண்டா நாணல் தட்டையிலோ பின்னி, பின்னால் துணி வைத்துத் தைத்த தட்டி. நம் ஊர் மூங்கில் தட்டி, வெட்டிவேர்த் தட்டிக்கு உறவு. சாலையோரத்தில் சிக் பின்னுகிறவர்களிடம் அளவு கொடுத்தால் வீட்டுக்கே வந்து கட்டிவிட்டுப் போவார்கள், கயிறும் உருளையும் சேர்த்து. பால்கனி வெளிவிளிம்பில் கட்டினால் சிக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று ஓடி, சூடு அங்கேயே கழிந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. மழையில் துணி பூஞ்சை பிடிக்கும், இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும். குரங்கு வரும் காலனிகளில் குச்சி குச்சியாகப் பிய்த்துவிடும். உயர மாடியில் ஆந்திக் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கீழ்ப்பக்கத்தையும் கம்பியில் கட்ட வேண்டும். வெளித்தோற்றம் மாறுவதால் குடியிருப்புச் சொசைட்டியில் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பல இடங்களில் நிறத்தை அவர்களே சொல்வார்கள். ஷட்டரை வெளிப்பக்கம் போட நினைத்தாலும் இதே அனுமதி தேவை.

## என்னைக் கேட்டால்

தம்பிக்கு நான் எழுதிய பட்டியல் இது. மேற்குப் படுக்கையறைக்கு வெளியே சிக், உள்ளே சுவரில் அகலமாக மாட்டிய பிளாக்அவுட் ரோலர். தெற்குக் கூடத்துக்கு ரோலர் மட்டும், டிசம்பரில் முழுக்கச் சுருட்டிவிடலாம். மனைவி ஆசைப்படும் மர ஷட்டர், அவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் கிழக்கு அறையின் ஒரே ஜன்னலுக்கு. காலை வெயிலைப் பலகை திருப்பி அளந்து வாங்கலாம், எதிர் பிளாக்கிலிருந்து பார்வையும் விழாது. அந்த ஆசையை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு அறையில் நாள் முழுக்க இருப்பவருக்கு அந்த அறையின் வெளிச்சம் முக்கியம். தரைத்தளம், கூலர், சொந்த வீடு, மரச் சௌகட் எல்லாம் ஒன்றாக அமைந்தவர்கள் தயங்காமல் ஷட்டருக்குப் போகலாம். மற்றவர்கள் ரோலரில் தொடங்கி, ஒரு கோடையும் ஒரு குளிரும் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, குழிக்குள் மாட்டுவதானால் சின்ன அளவைக் கொடுங்கள். பழைய சுவர்களில் இரண்டு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரும். ஷட்டர் என்றால் பல்லா அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி, கீல் வரும் இடத்தில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், கட்டிலோ அலமாரியோ இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அளவெடுக்க வருகிறவர் ஜாலிப் பல்லாவைத் திறக்காமலே டேப்பை மடக்கினால், நீங்களே எழுந்துபோய் முழுசாகத் திறந்து காட்டி, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.